இடுப்பு பிடித்தால் படுத்துவிடலாமா?

மூட்டையைத் தூக்கும்போது 'சுருக்'கென்று இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கைத்தாங்கலாக வீடு வந்து சேர்ந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பத்து நாள் அசையாமல் படு." அக்கறையோடு சொல்லும் இந்த யோசனைதான் பல தொழிலாளிகளின் வலியை நீட்டித்துவிடுகிறது. எப்படி என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம், வாருங்கள்.

முதலில், ஏன் பிடிக்கிறது? பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்வோம். ஒரு முனை நீளமாகவும் மறுமுனை குட்டையாகவும் இருந்தால், குட்டை முனையில் இருப்பவர் பல மடங்கு அழுத்த வேண்டும். நம் முதுகெலும்பு அப்படித்தான் இருக்கிறது. நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள் அதற்குப் பின்னால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் இருக்கின்றன. 20 கிலோ பெட்டியை 50 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அதற்காக மட்டும் அந்தத் தசைகள் 200 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டும். அதே பெட்டியை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் இழுவிசை பாதியாகிவிடும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

தசை திணறும்போது விறைத்துக்கொள்கிறது. வலி உயிர் போவதுபோல் இருக்கும். ஆனால் பெரும்பாலும் எலும்பு முறிந்திருக்காது, நரம்பு நசுங்கியிருக்காது. இங்கேதான் நாம் எல்லோரும் தவறுகிறோம். வலி இவ்வளவு என்றால் சேதமும் அவ்வளவு இருக்கும், அசைந்தால் இன்னும் கிழியும் என்று பயந்து படுத்துவிடுகிறோம். படுக்கையில் தசை வலுவிழக்கிறது, மூட்டு இறுகுகிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதன் ஊட்டத்துக்கு நம் அசைவும் உதவுகிறது. எழுந்திருக்கும் நாளில் பயமும் கூடியிருக்கும்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 1995-இல் வெளியானது. சிலர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள், சிலர் முதுகுப் பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தார்கள். விரைவில் தேறியவர்கள் இந்த மூன்றாம் கூட்டத்தார். படுத்தவர்கள்தான் கடைசி. அதுவும் இரண்டே நாள் படுக்கைக்கு!

அப்படியானால் பிசியோதெரபிஸ்ட் என்ன செய்கிறார்? சூடு ஒற்றடமும் மின் கருவியும்தான் பிசியோதெரபி என்று நினைக்க வேண்டாம். எந்த அசைவு முடிகிறது என்று பார்க்கிறார், நடக்க வைக்கிறார், வயிறு, முதுகு, தொடைத் தசைகளுக்கு வலுவேற்றுகிறார். பிறகு உங்கள் வேலையையே பயிற்சியாக்குகிறார். முதலில் 5 கிலோ, அடுத்து 10, பின்பு உண்மையான மூட்டை. தேறுவது இந்தப் படிகளில்தான் நடக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வருமுன் காப்பதற்கு, "சரியாகத் தூக்கு" என்று தொழிலாளிக்குப் பாடம் எடுத்தால் மட்டும் போதாது. எல்லாம் வாகாக அமைந்த நிலையிலேயே 23 கிலோவுக்கு மேல் தூக்கக் கொடுக்காதீர்கள் என்கிறது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. தள்ளுவண்டி வேண்டும், தரையில் கிடக்கும் சரக்கு இடுப்பு உயர மேடைக்கு ஏற வேண்டும், கனமானதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கிடங்கும் பட்டறையும் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடுப்பு பிடித்தவரை "முழுசாகக் குணமானால் வா" என்று அனுப்பிவிடாதீர்கள். இரண்டு வாரம் இலகுவான வேலை கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.