பட்டர்ஃப்ளையின் வீடு

புச்சினியின் 'மடாமா பட்டர்ஃப்ளை' ஆப்பெரா 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது, கதை நிகழும் ஜப்பானிய ஊரான நாகசாகியை மேடைக்குக் கொண்டுவந்தவை துணியும் தூரிகையும்தான். அன்றைய இத்தாலிய ஓவியக்கூடங்களில் படுதாவைத் தரையில் விரித்து, நீண்ட கம்பில் கட்டிய தூரிகையால் நின்றபடியே வரைவார்கள். பின்னால் துறைமுகம், நடுவே குன்றின்மேல் ஒரு வீடு, பூத்த மரங்கள். புச்சினி ஜப்பானுக்குப் போனதே இல்லை. அன்றைய ஐரோப்பா ஜப்பானை அறிந்திருந்ததும் பெரும்பாலும் மரக்கட்டை அச்சுப் படங்கள் வழியாகத்தான். ஆகவே அழகாக இருந்த அந்த நாகசாகியில் ஊர் குறைவு, படம் அதிகம்.

1958இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, இயக்கத்தை யோஷியோ அவோயாமாவிடமும் அரங்க அமைப்பை மோட்டோஹிரோ நாகசாகாவிடமும் ஒப்படைத்தது. ஜப்பானிய வீட்டில் வளைய வரத் தெரிந்தவர்கள் மேடையில் வீடு கட்டியது பெரிய திருப்பம். அந்தத் தயாரிப்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது.

இன்று வீடே இல்லை. அந்தோணி மிங்கெல்லா 2005இல் லண்டனிலும் 2006இல் நியூயார்க்கிலும் மேடையேற்றிய வடிவத்தில், மைக்கேல் லெவின் அமைத்தது வெறுமையான சரிவு மேடை. தலைக்கு மேலே சாய்ந்த கண்ணாடி, இடையிடையே நகரும் ஷோஜி எனும் காகிதத் தட்டிகள். அவற்றை நகர்த்துபவர்கள் கறுப்பு உடையில் நம் கண்முன்னேயே நடமாடுகிறார்கள். ஜப்பானின் கபுகி நாடக மேடையில் காலங்காலமாக உள்ள வழக்கம் அது. அன்று ஜப்பானின் தோற்றத்தை வரைந்தார்கள். இன்று அதன் நாடக முறையையே கையாள்கிறார்கள். இது பெரும் பேறு என்றே சொல்வேன்.

கதாநாயகி பட்டர்ஃப்ளையின் குழந்தையைப் பாருங்கள். முன்பு சிறு பிள்ளை ஒன்றை மேடையில் உட்காரவைத்து, அது சிணுங்காமல் இருந்தால் போதும் என்றிருந்தார்கள். மிங்கெல்லாவிடம் அது ஜப்பானியப் பொம்மலாட்டமான புன்ராகுவின் பாணியில் அமைந்த பொம்மை. மூவர் சேர்ந்து ஒரே உயிராக அதை இயக்குகிறார்கள். தாயின் முகத்தை நோக்கி அந்தப் பொம்மைத் தலை திரும்பும்போது, பொம்மலாட்டக்காரர்கள் நம் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள்.

இழந்ததும் உண்டு. அவள் காத்திருந்த கணவனின் கப்பல் வந்த இரவில் பட்டர்ஃப்ளை ஷோஜியின் காகிதத்தில் மூன்று துளைகள் இடுகிறாள்: தனக்கு மேலே ஒன்று, பணிப்பெண் சுசுகிக்குச் சற்றுக் கீழே, பிள்ளைக்கு அதற்கும் கீழே. பாடல்நூலிலேயே உள்ள குறிப்பு இது. மூவரும் துளைவழியே துறைமுகத்தைப் பார்த்திருக்க, சொற்களே இல்லாத கூட்டிசை எழுகிறது. விடியும்வரை காத்திருப்பதை மேடையில் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. சுவரே இல்லாத மேடைகள் பெருகப் பெருக, துளையிட இடமில்லாமல் போகிறது; ஒளி மாற்றத்தாலேயே இரவைக் கடந்துவிடுகிறார்கள்.

புதிதாக இந்த ஆப்பெராவுக்கு அரங்கம் அமைப்போர் துறைமுகத்தையும் பூமரத்தையும் தாராளமாக விட்டுவிடட்டும். அந்த ஒரு காகிதத் தட்டியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.