60 நாள் தடை... 61-ம் நாள் என்ன ஆகும்?

கதிர் விடும் நேரத்தில் எலி வயலுக்குள் இறங்கிவிட்டால், ஒரே ராத்திரியில் தூர் தூராக வெட்டிச் சாய்த்துவிடும். அந்த ஆத்திரத்தில் விவசாயி ஓடுவது பூச்சிமருந்துக் கடைக்குக்கூட அல்ல. பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கு. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே எலி பேஸ்ட்டும் ஒரு வீட்டுச் சாமானாகவே பல காலம் விற்கப்பட்டது.

அந்த பேஸ்ட்டில் இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. உடம்புக்குள் போன முதல் ஓரிரு நாள் பெரிய தொந்தரவு தெரியாமல் இருக்கலாம். 'ஒன்றும் ஆகவில்லை' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதற்குள் கல்லீரல் கெட்டு, மஞ்சள் காமாலையில் போய் நிற்கும். குழந்தை தெரியாமல் வாயில் வைத்தாலும், ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

2022-23-ல் தமிழ்நாடு அரசு, 3 சதவிகித மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்கு நிரந்தரத் தடை போட்டது. கூடவே மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றுக்கும், இரண்டு கலவை மருந்துகளுக்கும் தடை வந்தது. ஆனால், இந்த ஆறுக்கும் 60 நாள்கள் மட்டுமே.

ஏன் 60 நாள்? சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் 27-வது பிரிவின்படி, ஆபத்தான மருந்தின் விற்பனையை மாநில அரசு 60 நாள்கள் நிறுத்தலாம். விசாரணை முடியவில்லை என்றால் இன்னும் 30 நாள்கள் நீட்டிக்கலாம். அவ்வளவுதான். பதிவு கொடுப்பதும், அதை ரத்து செய்வதும், நிரந்தரமாக விலக்குவதும் டெல்லியின் கையில். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் இறந்தபோதும், அந்த மாநிலம் போட முடிந்தது 60 நாள் தடைதான். சரக்கைக் குடோனில் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தால் தடை தானாகவே தீர்ந்துபோகும்.

இந்தச் சட்டம் பிறந்ததே ஒரு சாவுக் கதையில்தான். 1958-ல் கேரளாவில், கப்பலில் ஒன்றாக ஏற்றிவந்த பாரத்தியான் மருந்து உணவுப் பொருளில் கலந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை கமிஷன் அமைத்து, சட்டம் வர 10 ஆண்டுகள் பிடித்தன. தரமற்ற மருந்து விற்றால் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் அதிகபட்சம் 50,000 ரூபாய். சிறை இரண்டு ஆண்டுகள் வரை. ஒரு சீசனில் லட்சக்கணக்கில் புரளும் வியாபாரத்துக்கு இந்த அபராதம் எம்மாத்திரம்! இதை மாற்ற 2008-லும் 2020-லும் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை.

மோனோகுரோட்டோபாஸையே பாருங்கள். காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே உத்தரவு. ஆனால், பருத்திக்கென்று வாங்கிய டப்பா கத்தரிக்குப் போகாமல் யார் காவல் காப்பது? 2013-ல் பீகாரில், இந்த மருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 36 சதிவிகித மோனோகுரோட்டோபாஸை விலக்கும் மத்திய உத்தரவு 2023-ல்தான் வந்தது.

இலங்கை இதே மருந்தை 1995-லேயே விலக்கிவிட்டது. கொடிய விஷ வகைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. 1998-ல் எண்டோசல்பானும் போனது. அங்கே 1995-ல் லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை விகிதம், 2015-ல் 17 ஆகக் குறைந்தது. வேதனையின் உச்சத்தில் இருக்கும் ஒருவருக்குக் கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. (மனம் உடைந்தவர்கள் 104 எண்ணில் பேசலாம்.) 'மருந்து இல்லாவிட்டால் விளைச்சல் போய்விடும்' என்ற பயமும் பலிக்கவில்லை. அந்தத் தடைகளால் அங்கே நெல் மகசூல் குறையவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

எலிக்கும் வேறு வழி இருக்கிறது. வரப்பைச் சிறிதாக்கி வளைகளை வெட்டுவது, தஞ்சாவூர் கிட்டி வைப்பது, ஆந்தை உட்கார வயலில் 'டி' வடிவக் குச்சி நடுவது எல்லாம் பழகிய முறைகள். விஷம்தான் வேண்டும் என்றால், முறிவு மருந்தாக வைட்டமின் கே உள்ள புரோமோடையோலோன் பரவாயில்லை. அதையும் உரிமம் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும்.

வாங்கும்போது டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பார்ப்பது நல்லது. சிவப்பு கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பில்லை விடவே கூடாது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. போலி மருந்தால் பயிர் கருகினால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பில் இல்லாமல் போனால் வழக்கு வாசலிலேயே தடுமாறும்.

தடை செய்த பேஸ்ட் இன்னும் ஏதாவது மளிகைக் கடையில் கண்ணில் பட்டால், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கடையின் பெயரோடு எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.