கொண்டை ஊசி வளைவும் கறுப்புப் பெட்டியும்

கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி காரவள்ளி அடிவாரத்தைத் தொட 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்தப் பாதையில் நேரத்தைத் தீர்மானிப்பது மலை. கீழே, லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், நேரத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. "வண்டி எங்கப்பா நிக்குது?" என்று ஓனர் போன் போட்டுக் கேட்பார், டிரைவர் தனக்குத் தோதாக ஒரு பதில் சொல்வார். இன்று ஜிபிஎஸ் பொருத்திய வண்டியில் பெட்டியே பதில் சொல்லிவிடுகிறது.

பெட்டி செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டு இடத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, செல்போன் நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. மலை மறைவில் நெட்வொர்க் அறுந்தாலும் தப்ப முடியாது. பல கருவிகள் தகவலைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும். டீ குடிக்க நின்றதா, பிரேக் சூடு ஆற நின்றதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எல்லாமே 'நின்ற நேரம்'தான். அரசும் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 2021 முதல் சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள்.

இயந்திரம் தேய்ந்து மட்டும் மதிப்பிழப்பதில்லை என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) காட்டினார். புதியது வந்தால் பழையது தேயாமலே மதிப்பிழக்கும். அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற அவசரமே வேலைநாளை நீட்டத் தூண்டுகிறது. நம் பெட்டியில் இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: உழைப்பு நேரத்தைப் பிழியும் கருவியே சீக்கிரம் காலாவதியாகிற கருவியும்கூட. அமெரிக்காவில் டிரைவரின் வேலைநேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி, ஓய்வைக் காப்பதற்கென்று, 2017 டிசம்பரில் கட்டாயமானது. 2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியதும், அதை மட்டுமே நம்பியிருந்த லாரிக் கருவிகள் ஊமையாயின. ரிப்பேர் எதுவும் இல்லை, ஆனாலும் குப்பை.

2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அறிக்கை. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் சுத்தியலாலும் அமிலத்தாலும் பிரிக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் வெறுங்கையால்.

ஆக, டிரைவர் நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பதிவு உண்டு. கழற்றிய பெட்டி எந்தக் காயலான் கடைக்குப் போனது, யார் பிரித்தார், அவர் நுரையீரல் என்ன ஆயிற்று என்பதற்குப் பதிவில்லை. எதைப் பதிவது, எதை விடுவது என்பதும் அதிகாரம்தான். நாம் முதலில் கேட்க வேண்டியது பெட்டியின் பயணக் கணக்கை.