சீட்டும் உடலும்

அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும், பாடம் செய்த பறவை ஒன்றை ‘ஆதாரம்’ என்கிறோம். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு பிரதிகள்: காலில் கட்டிய சீட்டு, பஞ்சு அடைத்த உடல். வரலாறு சீட்டைத்தான் வாசித்துவந்தது. இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதே என் கேள்வி.

காட்டு ஆந்தையை எடுத்துக்கொள்வோம். நம்ம மாரண்டஹள்ளிப் பக்கம் கத்துகிற புள்ளி ஆந்தையின் சாயல்தான். ஆனால் மத்திய இந்தியக் காடுகளுக்கு உரியது. 1873இல் இதை விவரித்துப் பெயரிட்டவர், பிற்பாடு காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். 1884க்குப் பிறகு ஒரே ஒரு சாட்சியம்: 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தான் சேகரித்ததாகக் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் எழுதி வைத்த சீட்டு.

பமீலா ராஸ்முஸ்ஸனும் நைஜல் காலரும் அந்த உடலை எக்ஸ்ரே வழியாக ஆராய்ந்தார்கள். பாடம் செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. மேலே மறுபடி அடைத்த வேலை. உள்ளே தெரிந்ததோ 1880களில் கான்தேஷில் பறவை சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் கை. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, பிரித்து அடைத்து, புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார் கர்னல் என்று 1999இல் எழுதினார்கள். பட்டாவில் பேர் மாத்துகிற வித்தை நமக்குப் புதுசா என்ன?

மாண்ட்வியை ஒதுக்கிவிட்டு, நம்பகமான சீட்டுகள் காட்டிய திசையில் தேடிய ராஸ்முஸ்ஸன் குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே அந்த ஆந்தையை உயிரோடு பார்த்தது. 113 வருஷம் கழித்து!

ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள டோடோத் தலையிலும் இதுவே நடந்தது. லண்டனில் காட்சிப்பொருளாக வாழ்ந்த பறவை அது என்று கதை. சி.டி. ஸ்கேனில் பின்தலையில் ஈயக் குண்டுகள் தெரிந்தன, 2018இல் அறிவித்தார்கள். கதை ஆட்டம் கண்டது.

ஆக, ஸ்கேன் சீட்டின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறது. ஆனால் அதுவும் வாசிப்பது இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்த உடலைத்தான். 1970களில் பில் ஆதிவாசிகள் நிலத்துக்காகப் போராடிய அதே ஷஹாதாதான் இது. அந்த 113 வருஷமும் ஆந்தை யாருக்குத் தொலைந்திருந்தது? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? இழுப்பறையில் இல்லாத அந்தச் சாட்சியத்தை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது. போய் உட்கார்ந்து கேட்கத்தான் வேணும்.