ருசி தீர்மானிக்கும் வர்த்தகம்

கோப்பியா, தேநீரா, மதுவா என்பது அவரவர் ருசியையும் வழக்கத்தையும் பொறுத்தது. ஆனால் வியாபாரத்தில் வாடிக்கையாளரின் ருசியே சரக்கின் தரத்தையும் விலையையும் தீர்மானிக்கின்றது. இதற்கு நமது தேயிலையே சிறந்த உதாரணம்.

1869 இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயினால் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது. நீண்ட காலம் பிரித்தானியாவே நமது பிரதான வாடிக்கையாளராக இருந்தது.

இன்று நிலைமை வேறு. ஈராக், துருக்கி போன்ற நாடுகளில் விருந்தாளியின் முன் முதலில் வைக்கப்படுவது தேநீர். அதைப் பால் கலக்காமல், சிறிய கண்ணாடிக் குவளையில், கடும் சாயத்துடன் அருந்துகின்றனர். இந்த ருசிக்குப் பொருந்துவது நுவரெலியாவின் மென்மையான தேயிலையல்ல; காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்நிலத் தேயிலையாகும். நாட்டின் உற்பத்தியில் அரைவாசிக்கும் அதிகமானது இதுவே. அதன் பெரும்பகுதியைச் சிறுதோட்ட உரிமையாளர்களே வளர்க்கின்றனர்.

இதில் ஆபத்தும் உண்டு. 1990 இல் ஈராக் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது ஒரு பெரிய சந்தை முடங்கியது. ஈரானிடம் பெற்ற எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகச் செலுத்த 2021 இல் உடன்பாடு செய்யப்பட்டதற்கும் தடைகளே காரணம். தூரத்து நாட்டின் நெருக்கடி, இங்கே கொழுந்து பறிப்பவரின் வருமானத்தைத் தொடுகின்றது.

வாடிக்கையாளரின் ருசியை அறிந்து சரக்குச் செய்வது கெட்டித்தனம். ஆனால் ஒரே ருசியை மட்டும் நம்பியிருப்பது புத்திசாலித்தனமாகாது. இது பெருந்தோட்டத்துக்கும் பொருந்தும், சந்தியிலுள்ள சில்லறைக் கடைக்கும் பொருந்தும்.