நமீபில் காற்றே மழை

பாலைவனத்துக்கும் கடலுக்கும் ஆகாது என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. ஆப்பிரிக்காவின் தென்மேற்கே இருக்கும் நமீப் பாலைவனமோ அட்லாண்டிக் கடலை ஒட்டியே கிடக்கிறது. அது வறண்டு கிடப்பதற்கும் அந்தக் கடல்தான் முக்கியக் காரணம். தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் கரையோரக் கடலைக் குளிரவைக்கிறது. அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துவிடுவதால், மேலே எழும்பி மழைமேகமாக மாற வழியில்லை. தாழ்ந்த மேகமாகத் தேங்கி, இரவில் கரையேறி, மூடுபனியாக உள்ளே பரவுகிறது.

கடலிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. உள்ளே, குய்செப் ஆற்றங்கரையில் கோபபெப் ஆய்வு மையம் இருக்கிறது. வண்டு ஆராய்ச்சியாளர் சார்லஸ் கோக் 1962-இல் தொடங்கியது. குய்செப் பெயருக்குத்தான் ஆறு. பெரும்பாலான நாட்களில் வெறும் மணல் தடம். ஆனாலும் எப்போதாவது வரும் வெள்ளம், தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணலை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் ஆற்றுக்குத் தெற்கே மணற்குன்றுகள், வடக்கே சரளைக்கல் சமவெளி என்று நிலம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இங்கே ஆண்டு மழை சராசரியாக 25 மி.மீ. அளவுதான்.

இந்தக் குன்றுகளில் வாழ்கிறது ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் என்ற கறுப்பு வண்டு. பெயர்தான் நீளம், ஆள் கட்டைவிரல் நக அளவு. பகலில் தீனி தேடும், இரவில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். குளிரில் காலை அசைக்கவே சிரமப்படும் பிராணி. ஆனால் மூடுபனி இறங்கும் இரவில் மட்டும், விடிவதற்கு முன்பே மணலை விட்டு எழுந்து மெல்ல மெல்லக் குன்றின் முகடு வரை ஏறுகிறது. காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, பின்னங்கால்களை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. முதுகில் படியும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, வழுக்கிக்கொண்டு நேராக வாய்க்கு வருகின்றன. 1976-இல் ஹாமில்டனும் மேரி சீலியும் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதியபோது, ஒரே காலையில் தன் எடையில் 34 சதவீதம் வரை நீர் குடித்த வண்டும் உண்டு என்றார்கள். 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 20 லிட்டர் குடிப்பதற்குச் சமம்!

அதே ஆண்டில் அதே இருவரும் இன்னொரு வண்டைப் பற்றியும் எழுதினார்கள். லெபிடோகோரா என்ற இந்தத் தட்டையான வண்டு முகடு ஏறி நிற்பதில்லை. பனிக்காற்றுக்குக் குறுக்கே மணலில் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டுகிறது. வாய்க்காலின் வரப்பு, பக்கத்து மணலைவிட அதிக ஈரத்தைப் பிடிக்கிறது. வண்டு வந்த வழியே திரும்பி, அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

இவை இரண்டையும்விட உலகப் புகழ் பெற்றது மூன்றாவது வண்டு. அந்தப் புகழ் அதற்குச் சேரவேண்டியதா என்பதுதான் கேள்வி. 2001-இல் ஆண்ட்ரூ பார்க்கரும் கிறிஸ் லாரன்ஸும், ஸ்டெனோகாரா வண்டின் முதுகிலுள்ள மேடு பள்ளங்களே மூடுபனியைப் பிடிக்கும் கருவி என்று எழுதினார்கள். மேட்டின் உச்சி நீரை ஈர்க்குமாம். மெழுகு பூசிய பள்ளத்தில் நீர் ஒட்டாதாம். பொறியாளர்கள் விடுவார்களா? காற்றிலிருந்து நீர் எடுக்கும் பரப்புகளை அதே பாணியில் செய்து பார்த்தார்கள். எம்.ஐ.டி.யிலும் 2006-இல் ஒன்று உருவானது. எல்லாம் நல்ல பொறியியல்தான். ஆனால் 2010-இல் நார்கார்டும் டாக்கேயும் நான்கு வகை வண்டுகளைச் செயற்கை மூடுபனியில் விட்டுப் பார்த்தபோது, தலையைத் தாழ்த்தி நின்றது ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ் மட்டுமே. அதன் முதுகில் மேடுகள் இல்லை. மேடு பள்ளமான முதுகுக்காரர்களான இரண்டு வகைகளும் அப்படி நிற்கவே இல்லை. முதுகின் பரப்போடு ஒப்பிட்டால், நான்கும் நீரைச் சேர்க்கும் திறனிலும் வேறுபாடு தெரியவில்லை. குளிரில் எழுந்து முகடு ஏறும் அந்தப் பழக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பழக்கத்தைப் பார்த்துப் புதுப் பொருள் செய்துவிட முடியாது. மேடு பள்ளத்தைப் பார்த்துச் செய்யலாம். அதனாலேயே என்னவோ, பழைய கதை இன்னும் பாடப்புத்தகங்களிலும் காணொளிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் மட்டுமா, சாப்பாடும் காற்றில்தான் வருகிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல மழை பெய்தால் புல் முளைக்கும். காய்ந்தபின் அது எளிதில் மட்காது. உள்நாட்டிலிருந்து அடிக்கும் வெப்பக்காற்று அதை நொறுக்கி, குன்றுகளுக்குள் தள்ளி, சரிவின் அடிவாரத்தில் குவிக்கிறது. பச்சை இலையே கண்ணில் படாத இடத்திலும் வண்டுகளும் ராமபாணப் பூச்சிகளும் இந்தச் சருகுத் தூளைத் தின்றே வாழ்கின்றன. மூடுபனி பட்டால் சருகும் ஈரம் ஏறிவிடும். தீனியோடு கொஞ்சம் தண்ணீரும் கிடைத்தது. பூச்சிகளைப் பல்லிகள் பிடிக்கின்றன. பல்லிகளுக்காகப் பெரிங்கே விரியன் மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கிறது. தாகம் எடுத்தால் தன் உடம்பில் படிந்த பனித்துளியைத் தானே நக்கிக்கொள்ளும்.

மூடுபனி முழுவதும் கடல் தந்தது என்ற எண்ணத்திலும் இப்போது ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. கசேக்கே, வாங், சீலி மூவரும் நீரிலுள்ள ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளை அளந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் பதிவு செய்த மூடுபனி நிகழ்வுகளில் பாதிக்கு மேல் கடலிலிருந்து வந்தவை அல்ல, உள்ளேயே உருவானவை. நிலத்தடி நீரும் ஆவியாகி, பனியாகத் திரும்பி மேல்மண்ணை நனைக்கிறதாம். உள்ளேயே, தரை குளிர்வதால் உருவாகும் மூடுபனி பொதுவாகக் காற்று அடங்கிய இரவுகளில்தான் இறங்கும். ஓனிமாக்ரிஸ் முகட்டுக்கு ஏறுவதோ காற்று கொண்டுவரும் பனிக்காக. கடல் மூடுபனி குறைந்து உள்ளூர் மூடுபனி கூடினால் அந்த வண்டின் பாடு என்ன ஆகும் என்பது இனிமேல்தான் அளந்து பார்க்க வேண்டிய விஷயம்.