கணினிவழி விமானி தேர்வு முறை

கணினிவழி விமானி தேர்வு முறை என்பது, இந்திய வான்படையில் விமானியாக விரும்புவோரின் பறக்கும் திறனை அளவிடும் தேர்வாகும். இதை வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே எழுதலாம். தவறியவர்கள் வான்படையின் பிற பிரிவுகளுக்கே முயல முடியும்.

விமானக் கருவிகளைப் படிப்பது இதில் முக்கியமானது. உயரமானியின் குட்டை முள் ஆயிரம் அடிகளையும் நெட்டை முள் நூறு அடிகளையும் காட்டும். குட்டை முள் 4ஐத் தாண்டி, நெட்டை முள் 5இல் நின்றால் உயரம் 4,500 அடி. வேகமானி, திசைகாட்டி ஆகியவற்றையும் இவ்வாறே விரைந்து படிக்கப் பழக வேண்டும். மற்றொரு பகுதியில், கைப்பிடியாலும் கால்மிதிகளாலும் திரையில் அலையும் புள்ளியைக் கட்டுப்படுத்த வேண்டும். பதற்றமின்றிச் சிறு அசைவுகளால் திருத்துவது நல்லது.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் விமானியாக விரும்பியவரே. வான்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார், இடங்களோ எட்டு. 2006இல் குடியரசுத் தலைவராகச் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார்.